மாமனார் அறையில் பிடிக்கும் சிகரெட் புகை, எதிர் அறையில் தூங்கும் குழந்தை வரை வருமா?

இளந்தென்றல்

வணக்கம். ஒரு வருடமாக இங்கே படிப்பதோடு நின்றிருந்தேன். இன்று எனக்கே ஒரு கேள்வி வந்துவிட்டது.

எங்கள் மகளுக்கு நான்கு மாதம். மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் பிடிப்பார். பேத்தி என்றால் அவருக்கு உயிர், அதனால் அவள் முன்னால் ஒருநாளும் பற்றவைத்ததில்லை. தன் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பிடிப்பார். அப்படியும் கூடத்தைத் தாண்டி எங்கள் அறையில் சில நேரம் வாடை அடிக்கிறது. வாடை தெரியாத நேரத்திலும் ஏதாவது வந்துகொண்டிருக்குமோ என்று எனக்குப் பயம்.

வீட்டில் கேட்டால், "அவர்தான் தனியாகப் போய்ப் பிடிக்கிறாரே, இதற்கு மேல் என்ன செய்வார்" என்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. அந்தப் புகையில் உண்மையிலேயே என்னதான் இருக்கிறது? "நச்சு, நச்சு" என்று மொட்டையாகச் சொன்னால் வீட்டில் எடுபடவில்லை. அப்புறம், கதவும் ஜன்னலும் போதுமா?

காற்றுமானி

தோழி, கட்டடங்களுக்குள் காற்றை அளப்பதுதான் என் வேலை. இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. ஒருவர் ஒரு சிகரெட்டை ஏழெட்டு நிமிடம் கையில் வைத்திருக்கிறார். அதில் உறிஞ்சும் நேரம் எவ்வளவு? ஒரு இழுப்பு சுமார் இரண்டு நொடி. பத்து இழுப்பு என்றால் இருபது நொடி. மீதி நேரமெல்லாம் அது சும்மா கனன்றுகொண்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கும் புகையில் பெரும்பங்கு இந்தக் கனலும் நுனியிலிருந்து வருவதுதான். பிடிப்பவர் ஊதி வெளியேற்றுவது அதில் சிறு பங்கு.

நுனிப்புகை சிகரெட்டின் பஞ்சு வடிகட்டி வழியாகப் போவதே இல்லை. நேராக அறைக்குள் வருகிறது. உறிஞ்சும்போது நுனியின் சூடு 900 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். சும்மா கனலும்போது 600 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும், ஆக்சிஜனும் குறைவாகவே கிடைக்கும். ஈர விறகு சரியாக எரியாமல் புகைவதை நினைத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக எரிவதால், அதே எடைப் புகையிலையிலிருந்து கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, பென்சீன் ஆகியவையும் 4-அமினோபைஃபீனைல் போன்ற சில புற்றுநோய்ப் பொருட்களும் நுனிப்புகையில் அதிகமாக வருகின்றன. ஃபிலிப் மோரிஸ் நிறுவனம் 1980களில் ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வகத்தில் இதை விலங்குகளில் சோதித்தது. அந்த முடிவுகளில் பெரும்பாலானவை அப்போது வெளியே வரவில்லை. நிறுவனத்தின் உள் ஆவணங்கள் பொதுவெளிக்கு வந்தபின் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 2005ல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார்கள். கிராமுக்குக் கிராம் ஒப்பிட்டால், புகைப்பவர் உறிஞ்சும் புகையைவிட நுனிப்புகை சுமார் நான்கு மடங்கு நச்சுத்தன்மை கொண்டது என்பது அதில் இருந்தது. விற்றவர்களின் சொந்த ஆய்வகமே கண்டுபிடித்த விஷயம் இத்தனை வருடம் அலமாரியில் கிடந்தது என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள். அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. முழுப்பட்டியல் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், வீட்டில் சொல்ல உதவும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பென்சீன், ரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ளது. ஃபார்மால்டிஹைடு, உடல் கெடாமல் பாதுகாக்க ஆய்வகங்களில் பயன்படுத்தும் அதே பொருள். கண் எரிச்சலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் பெரிய காரணம் அக்ரோலின். அது மூச்சுக்குழாயின் உள்பக்கம் இருக்கும் மெல்லிய ரோமங்களைச் செயலிழக்க வைக்கிறது, அந்த ரோமங்கள்தான் தூசையும் சளியையும் மேலே தள்ளுபவை. இவற்றோடு ஹைட்ரஜன் சயனைடு, காட்மியம், ஆர்சனிக், ஈயம், பென்சோபைரீன். அப்புறம் நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய்ப் பொருட்களில் என்என்கே, என்என்என் என்ற இரண்டு. இவை புகையிலைக்கே உரியவை, இவற்றைச் சமையல் புகையிலோ வண்டிப் புகையிலோ பார்க்க முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பிறர் புகையைச் சுவாசிப்பதை மனிதருக்கு நிச்சயமாகப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் 2004ல் வெளிவந்த தன் அறிக்கையில் சேர்த்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் பிரிவு அது.

கதவு, ஜன்னல் பற்றி இன்று இரவு கணக்குப் போட்டு எழுதுகிறேன்.

கேள்விக்குறி

மனம் நோகச் சொல்லவில்லை, எனக்குப் புரியாததால் கேட்கிறேன். என் தாத்தா வீட்டுக்குள்ளேயே சுருட்டுப் பிடித்தவர். பாட்டி எண்பத்தாறு வயது வரை நன்றாக இருந்தார். நாங்கள் ஏழு பேரப்பிள்ளைகள் அந்தத் திண்ணையில்தான் வளர்ந்தோம். சாலையில் போனால் வண்டிப் புகை, வீட்டில் சமையல் புகை. ஒரு அறையில் ஒருவர் பிடிக்கும் சிகரெட் மட்டும் இவ்வளவு பெரிய விஷயமா? எழுபது பொருட்கள் இருக்கலாம், ஆனால் அளவு என்ன? எல்லாமே அளவைப் பொறுத்ததுதானே?

இரவுப்பணி

குழந்தைகள் வார்டில் பதினாறு வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். கேள்விக்குறி, அளவைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. வேதியியல் பக்கத்தைக் காற்றுமானி சொல்லட்டும், நான் குழந்தையின் பக்கத்தைச் சொல்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது முறை மூச்சு விடுவார். நான்கு மாதக் குழந்தை முப்பதுக்கும் மேல் விடும். உடல் எடையோடு ஒப்பிட்டால், ஒரே அறையில் இருக்கும் பெரியவரைவிடக் குழந்தை உள்ளே இழுக்கும் காற்று அதிகம். அதன் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மூச்சுக்குழாய் அவ்வளவு மெல்லியது, உள்ளே லேசாக வீங்கினாலே பாதை பாதியாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், புகை வந்தால் நாம் எழுந்து போவோம். அது எங்கே போகும்?

புகை இருக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் அழற்சியும் நிமோனியாவும் நடுக்காதில் நீர் கோப்பதும் அதிகம். ஆஸ்துமா இருந்தால் அடிக்கடி வரும், கடுமையாகவும் வரும். தூக்கத்திலேயே குழந்தை திடீரென்று இறந்துபோகும் அபாயமும் கூடுகிறது. இளந்தென்றல், உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் நான்கு மாதம் என்பது அந்த அபாயம் அதிகமாக இருக்கும் வயதுக்குள் வருகிறது, அதனால் மறைக்க மனம் வரவில்லை.

ஒரு வயதுப் பையன் ஒருவன், ஒரே வருடத்தில் நான்காவது முறையாகக் காது சீழ்பிடித்து வந்தான். வீட்டில் யாரும் புகைப்பதில்லை என்று அம்மா உறுதியாகச் சொன்னார். அது உண்மைதான். அப்பா காரில் மட்டும் பிடிப்பாராம், கண்ணாடியை இறக்கிவிட்டு. தினமும் குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வருவது அந்தக் காரில்தான். அந்த அப்பாவின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. யாரும் அவரைத் திட்டவில்லை, அவருக்கு யாருமே முன்பு சொல்லவும் இல்லை.

காற்றுமானி

கேள்விக்குறி கேட்ட "அளவு என்ன" என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சிகரெட் கிட்டத்தட்ட 10 மில்லிகிராம், சில நேரம் அதற்கும் மேல், நுண்துகளை அறைக்குள் விடுகிறது. பிஎம் 2.5 என்று காற்று மாசுச் செய்திகளில் சொல்கிறார்களே, அதுதான். புகையிலைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சிறியவை, நுரையீரலின் கடைசி அறைவரை போகும்.

மாமனாரின் அறை பன்னிரண்டுக்குப் பத்து அடி, உயரம் பத்து அடி என்று வைப்போம். சுமார் 34 கனமீட்டர் காற்று. ஒரே ஒரு சிகரெட்டின் 10 மில்லிகிராம் அந்தக் காற்றில் பரவினால், கனமீட்டருக்கு 300 மைக்ரோகிராமுக்குப் பக்கத்தில் வரும். ஒரு நாள் முழுவதற்குமான சராசரி 15ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்ன வரம்பு.

"அது உச்சம்தானே, பிறகு குறைந்துவிடுமே" என்று கேட்கலாம். சரியான கேள்விதான். அதனால் நாள் சராசரியையே போட்டுப் பார்க்கிறேன். பத்து சிகரெட், 100 மில்லிகிராம். அறையின் கொள்ளளவுக்குச் சமமான புதுக்காற்று மணிக்கு ஒருமுறை உள்ளே வருவதாக வைத்துக்கொண்டால், நாள் சராசரி சுமார் 120 வருகிறது. வரம்பைப் போல எட்டு மடங்கு. இதை 15க்கு இறக்க, அந்த அறையின் காற்று ஒவ்வொரு மணிநேரமும் எட்டு முறை, இரவும் பகலும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் வெளிக்காற்றில் தூசே இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

குறையும் வேகத்தையும் பாருங்கள். புதுக்காற்று பழையதோடு கலந்தபடியேதான் வெளியேறும். அதனால் மணிக்கு ஒருமுறை காற்று மாறும் அறையில், சிகரெட்டை அணைத்து ஒரு மணிநேரம் கழித்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீதி இருக்கும். இருபதில் ஒரு பங்காகக் குறைய மூன்று மணிநேரம் ஆகும். பத்து சிகரெட் பிடிப்பவர் விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே ஒன்றரை மணிநேரம்தான் இருக்கும். அறை சுத்தமாவதற்குள் அடுத்தது பற்றிவிடுகிறது. கண்ணுக்குப் புகை தெரிவதோ சில நிமிடங்கள்தான்.

இப்போது ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் புகை வெளியே போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதைப் பொறுத்தது அது. அந்த ஜன்னலின் மேல் காற்று வந்து மோதினால், அது உள்ளே தள்ளும் வாசலாகிவிடும். அறைக்குள் நுழைந்த காற்று எங்காவது வெளியேற வேண்டுமே, கதவின் அடியிடுக்கு வழியாகக் கூடத்துக்கு வரும். சமையலறையிலோ குளியலறையிலோ எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் இன்னும் மோசம், அது வீட்டுக்குள்ளிருக்கும் காற்றையெல்லாம் தன் பக்கம் இழுக்கும். உங்களுக்குச் சில நேரம் வாடை வருவதும் சில நேரம் வராததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். வாடை வரும் நேரத்தைக் குறித்து வைத்துப் பாருங்களேன்.

கட்டடங்களின் காற்றோட்டத்துக்கு உலகம் முழுவதும் பின்பற்றும் தரங்களை எழுதும் ஆஷ்ரே என்ற அமைப்பு, 2005லேயே தன் நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டது. உள்ளே புகைக்க விட்டுவிட்டு, காற்றோட்டத்தால் மட்டும் அதன் ஆபத்தை நீக்க முடியாது. காற்றோட்டம் அமைப்பதையே தொழிலாகக் கொண்ட பொறியாளர்களின் அமைப்பு இதைச் சொல்கிறது.

உங்கள் பாட்டி நன்றாக வாழ்ந்ததில் எனக்கும் மகிழ்ச்சி, கேள்விக்குறி. ஒருவரை வைத்து இதை அறிய முடியாது. ஜப்பானில் ஹிராயாமா என்பவர் புகைக்காத மனைவிமார் 91,540 பேரைப் பதினான்கு வருடம் தொடர்ந்து பார்த்து 1981ல் வெளியிட்டார். கணவர் எவ்வளவு அதிகம் புகைத்தாரோ, மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அந்த அளவுக்கு ஏறியது. அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளில் பார்த்தார்கள். வீட்டிலோ வேலையிடத்திலோ பிறர் புகையில் இருப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது, இதயநோய் 25 முதல் 30 சதவீதம். புகைக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோய் அரிது என்பதால் முதல் எண் சிறிதாகத் தோன்றும். ஆனால் இதயநோய் அரிதான நோயா? ஏற்கெனவே பெரிதாக இருக்கும் ஒன்றின் மேல் நான்கில் ஒரு பங்கு கூடினால் எத்தனை குடும்பம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதயத்தில் இன்னொன்றும் உண்டு. அளவு சிறிதானால் பாதிப்பும் அதே விகிதத்தில் சிறிதாகும் என்பது அங்கே பொருந்தவில்லை. ஆரோக்கியமான, புகைக்காத இளைஞர்களைப் புகை நிறைந்த அறையில் அரை மணிநேரம் உட்காரவைத்து ஜப்பானில் சோதித்தார்கள், 2001ல் வெளிவந்தது. இதயத் தமனிகள் தேவைக்கேற்ப விரிந்து ரத்தத்தைக் கூட்டும் திறன், அந்த அரை மணிநேரத்தில் புகைப்பவர்களின் அளவுக்கே இறங்கிவிட்டது.

மேகப்பாதை

இதில் எழுத எனக்கும் ஒன்று இருக்கிறது. விமானத்தில் புகைக்க அனுமதி இருந்த காலத்தில் நான் விமானப் பணிப்பெண்ணாக இருந்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம், அன்று எல்லாமே அப்படித்தான்.

புகைப்பவர்களுக்குப் பின்வரிசை, மற்றவர்களுக்கு முன்வரிசை. இரண்டுக்கும் நடுவில் என்ன இருந்தது தெரியுமா? ஒன்றுமே இல்லை. ஒரு வரிசையில் "புகைக்கலாம்", அடுத்த வரிசையில் "புகைக்கக் கூடாது" என்று ஒரு சின்னப் பலகை. பின்வரிசைக்குப் பக்கத்தில்தான் நாங்கள் சாப்பாடு தயாரிக்கும் இடம். ஒன்பது மணிநேரம் பறந்து இறங்கினால் தலைமுடியும் சீருடையும் மட்டுமல்ல, தோல்கூட மணக்கும். வருடம் முழுவதும் தொண்டை கட்டியிருக்கும். எனக்கு அப்போது வயது இருபத்து நான்கு. இதெல்லாம் வேலையின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன்.

பிறகு மாறியது. அமெரிக்காவில் 1988ல் இரண்டு மணிநேரம் வரையிலான உள்நாட்டுப் பயணங்களில் தடை, 1990ல் உள்நாட்டுப் பயணங்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 1996க்குள் எல்லாச் சர்வதேசப் பயணங்களிலும் நிறுத்தும்படி 1992ல் கேட்டுக்கொண்டது. அமெரிக்கப் பணிப்பெண்கள் புகையிலை நிறுவனங்களின் மேல் 1991ல் போட்ட வழக்கு 1997ல் சமரசத்தில் முடிந்து, 30 கோடி டாலர் ஆய்வு நிதியாக ஒதுக்கப்பட்டது.

ஒரு சிகரெட்டும் பற்றாத முதல் பயணம் எனக்கு நினைவிருக்கிறது. இறங்கும்போது கண் எரியவில்லை. அதுவரை கண் எரிவது பயணக் களைப்பு என்று நினைத்திருந்தேன், தங்கச்சி. உன் வீட்டில் எல்லோரும் வாடையைப் பற்றிப் பேசுகிறார்கள், நீ மட்டும் காற்றைப் பற்றிக் கேட்கிறாய். விடாதே.

இளந்தென்றல்

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா, நீங்கள் மறைக்காமல் சொன்னதற்குத் தனியாக நன்றி. படித்துவிட்டு அழுதேன், ஆனால் தெரிந்துகொண்டது நல்லது.

கணவர் எல்லாவற்றையும் படித்தார். ஏர் பியூரிஃபையர் வாங்கி அப்பா அறையில் வைத்துவிடலாம் என்கிறார். அது போதுமா? இன்னொன்று, புகையிலையில் கதிரியக்கப் பொருள் இருக்கிறது என்று ஒரு காணொளியில் பார்த்ததாகச் சொன்னார். அது வதந்திதானே?

காற்றுமானி

வதந்தி இல்லை. பொலோனியம்-210. 1964லேயே புகையிலைப் புகையில் இருப்பதைக் கண்டுபிடித்து வெளியிட்டுவிட்டார்கள். மண்ணிலும் பாஸ்பேட் உரத்திலும் இயற்கையாகவே இருக்கும் யுரேனியம், ரேடியத்தின் வழித்தோன்றல் இது. அதே வரிசையில் வந்து காற்றில் கலந்திருக்கும் ஈயம்-210, புகையிலை இலையின் பிசுபிசுப்பான ரோமங்களில் ஒட்டிக்கொள்ளும், வேர் வழியாகவும் ஏறும். அது சிதைந்து பொலோனியமாகிறது. கழுவினால் போகாது. பொலோனியத்தில் பாதி சிதைய 138 நாள் ஆகும். அது விடும் ஆல்ஃபா கதிர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது, அதனால் வெளியே இருந்தால் பெரிய பயமில்லை. மூச்சுக்குழாயின் கிளைகள் பிரியும் இடத்தில் படிந்துவிட்டால், பக்கத்துத் திசு அவ்வளவையும் தாங்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும், பக்கத்தில் இருப்பவரைப் பொறுத்தவரை இதை நான் முதல் கவலையாக வைக்க மாட்டேன். கேட்கப் பரபரப்பாக இருப்பதால் இது காணொளிகளில் அதிகம் வருகிறது. குழந்தைக்கு அன்றாடம் கெடுதல் செய்வது நுண்துகளும் அக்ரோலின் போன்ற எரிச்சல் வாயுக்களும்தான்.

பியூரிஃபையர் பற்றி. நல்ல ஹெப்பா வடிகட்டி உள்ள கருவி துகள்களைப் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பென்சீன், ஃபார்மால்டிஹைடு, கார்பன் மோனாக்சைடு எல்லாம் வாயு. ஹெப்பா வடிகட்டி வழியாக அவை நேராகப் போய்விடும். கரி வடிகட்டி சில வாயுக்களைக் கொஞ்ச காலம் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. அந்தக் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நறுமணத் தெளிப்பான் வேண்டவே வேண்டாம். அது மூக்கை ஏமாற்றும், அவ்வளவுதான், எச்சரிக்கும் ஒரே கருவியையும் நாம் இழந்துவிடுவோம்.

கருவி வாங்கும் பணத்தில், சின்னத் துகள் அளவி ஒன்று வாங்கிக் குழந்தையின் அறையில் வையுங்கள். மலிவான அளவிகள் ஒளிச்சிதறலை வைத்துக் கணக்கிடுபவை. புகையிலைப் புகையில் எண்ணைத் துல்லியமாகக் காட்டாது, கூட்டியே காட்டும். ஆனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது நன்றாகத் தெரியும். உங்களுக்குத் தேவை அதுதான்.

கேள்விக்குறி

படித்தேன். திண்ணையில் வளர்ந்தோம் என்று எழுதினேன் அல்லவா, திண்ணை என்பது திறந்த வெளி. தாத்தா பெரும்பாலும் அங்கேதான் பிடித்தார். நான்கு சுவருக்குள் ஒரு கைக்குழந்தை இருப்பதோடு அதை ஒப்பிட்டது என் தவறு. என் தங்கைக்கு மூன்று வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. இதையும் அதையும் நாங்கள் யாரும் சேர்த்து நினைத்ததே இல்லை. இன்று நினைக்கிறேன்.

வாசற்படி

நான் புகைப்பவன். பத்தொன்பது வருடம். இரண்டு முறை விட்டேன், இரண்டு முறையும் திரும்பினேன். இப்போது மூன்றாவது முயற்சியில் இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினால் உதவும் என்று எழுதுகிறேன்.

சகோதரி, மாமாவிடம் பேசும்போது "உங்கள் புகையால் குழந்தைக்கு நோய் வரும்" என்று தொடங்காதீர்கள். அவர் ஏற்கெனவே கதவைச் சாத்திக்கொண்டு பிடிக்கிறார் என்றால், அவருக்குக் குற்ற உணர்வு உண்டு. தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டதாக நினைக்கிறார். அதைக் குறை சொன்னால் மனம் சுருங்கிவிடும். என் மனைவி அப்படிச் சொன்ன அன்று நான் இரண்டு சிகரெட் அதிகமாகத்தான் பிடித்தேன். "நீங்கள் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் இது கதவுக்கு அடியில் வந்துவிடுகிறது மாமா" என்று சொல்லிப் பாருங்கள். பழி புகையின் மேல் விழட்டும், அவர்மேல் வேண்டாம்.

இரண்டாவது, "வெளியே போங்கள்" என்றால் எங்கே போவது என்று காட்ட வேண்டும். எனக்கு மனைவி வாசலுக்கு அப்பால், ஜன்னல்களிலிருந்து தள்ளி, ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தாள். மழைக்கு ஒரு தகரம். அந்த நாற்காலிதான் என்னை மாற்றியது. வயதானவர் என்றால் நின்றுகொண்டு பிடிக்கச் சொல்லாதீர்கள், பாதியில் உள்ளே வந்துவிடுவார். வாசலை ஒட்டி நின்று பிடித்தாலும் புகை உள்ளே வரும், நான்கைந்து மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பால்கனி என்பது வெளியே இல்லை, அதன் கதவும் வீட்டுக்குள்தான் திறக்கிறது.

பிடித்து முடித்ததும் உடனே உள்ளே வரக் கூடாது. கடைசி இழுப்புக்குப் பிறகும் மூச்சில் துகள் வந்துகொண்டிருக்கும். நான் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, வாய் கொப்பளித்து, கை கழுவி, மேல்சட்டையை வாசலிலேயே மாட்டிவிட்டு வருவேன். அப்புறம்தான் மகளைத் தூக்குவேன். தொல்லையாக இருந்தது. தொல்லையாக இருந்ததால் தானாகவே எண்ணிக்கை பதினைந்திலிருந்து ஏழாகக் குறைந்தது.

சுவர்வண்ணம்

நான் பெயிண்டர். வேதியியல் தெரியாது, சுவர் தெரியும்.

புகைக்கிற வீட்டுக்கு வேலைக்குப் போனால், சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றினாலே தெரிந்துவிடும். படத்துக்குப் பின்னால் வெள்ளை, சுற்றிலும் டீ நிறம். அதன்மேல் நேராகப் பெயிண்ட் அடித்தால் இரண்டு நாளில் மஞ்சள் கறை மேலே எழும்பி வரும், சில இடத்தில் பழுப்பாகக் கண்ணீர் வடிந்த மாதிரி கோடு விழும். முதலில் கழுவ வேண்டும், பிறகு கறையை அடைக்கும் பிரைமர் அடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பெயிண்ட். தொழிலுக்கு வந்த புதிதில் இது தெரியாமல் ஒரு வீட்டை மூன்று முறை அடித்தேன்.

சுவரே இப்படி என்றால் திரைச்சீலை, மெத்தை, தலையணை எல்லாம் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிலிருந்து யோசிப்பேன். பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காற்றுமானி

சுவர்வண்ணம், நீங்கள் பார்த்ததற்கு ஒரு பெயரே இருக்கிறது, மூன்றாம் நிலைப் புகை. நிகோடின் பரப்புகளில் நன்றாக ஒட்டும். அமெரிக்காவில் புகைத்தவர்கள் காலி செய்துபோன வீடுகளைச் சோதித்தார்கள். சுத்தம் செய்து, இரண்டு மாதம் காலியாகக் கிடந்த பிறகும் தூசிலும் பரப்புகளிலும் நிகோடின் இருந்தது. பிறகு குடிவந்த, புகைக்காதவர்களின் விரல்களிலும் இருந்தது.

அது சும்மா ஒட்டிக்கொண்டு கிடந்தாலும் பரவாயில்லை. கேஸ் அடுப்பு எரியும்போதும் வண்டிப் புகையிலிருந்தும் வீட்டுக் காற்றில் நைட்ரஸ் அமிலம் கொஞ்சம் சேரும். பரப்பில் இருக்கும் நிகோடின் அதோடு வினைபுரிந்து, நான் முதலில் சொன்ன என்என்கே வகை நைட்ரோசமைன்களாக மாறுகிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2010ல் இதைக் காட்டியது. அதாவது, புகை போன பிறகு அறையிலேயே புதிதாக உண்டாகிறது. தவழும் குழந்தை தரையைத் தொட்டுக் கையை வாயில் வைக்கும். இளந்தென்றல், உங்கள் மகள் இன்னும் சில மாதத்தில் தவழ்வாள், அதற்குள் அந்த அறையைச் சரிசெய்ய நேரம் இருக்கிறது.

இளந்தென்றல்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

அளவி வாங்கிக் குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். முதல் நாள் காலை 18, 20 என்றுதான் காட்டியது. மதியம் மாமா அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். ஆறு நிமிடத்தில் 41. பத்து நிமிடத்தில் 77. எனக்கு வாடையே வரவில்லை. குளியலறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, காற்றுமானி சொன்ன மாதிரியே. ஒன்றரை மணிநேரம் கழித்தும் 30க்குக் கீழே இறங்கவில்லை.

நான் எதுவும் சொல்லவில்லை. வாசற்படி அண்ணன் சொன்னபடி, முதலில் கணவர் கொல்லைப்புறத்தில் நிழலில் ஒரு சாய்வு நாற்காலி போட்டார். மறுநாள் மாமா குழந்தையைப் பார்க்க வந்தபோது அளவி கண்ணில் பட்டு, "இது என்ன கடிகாரம்" என்று கேட்டார். சொன்னேன். நம்பவில்லை. தானே அறைக்குப் போய்ப் பிடித்துவிட்டு, திரும்பி வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எண் ஏறுவதைப் பார்த்தார். 20, 35, 60. வெகுநேரம் பேசவில்லை. "கதவைச் சாத்தியிருந்தேனே அம்மா" என்றார். "ஆமாம் மாமா, சாத்தியிருந்தீர்கள்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று மாலையிலிருந்து கொல்லைப்புற நாற்காலிதான். ஒருநாள் மழையில் குடையோடு போய் உட்கார்ந்திருந்தார். பத்து, ஆறாகிவிட்டது. விடுவதற்கு உதவும் மருத்துவரைப் பார்க்கலாமா என்று கணவர் கேட்டதற்கு, "அடுத்த வாரம்" என்றிருக்கிறார். வாரம் இன்னும் வரவில்லை, ஆனால் முடியாது என்று சொல்லவில்லை.

இப்போது அறையைச் சுத்தம் செய்யப் போகிறோம். மெத்தை பதினோரு வருடப் பழசு. திரைச்சீலை துவைத்தால் போதுமா? சுவரை எதைக் கொண்டு கழுவுவது?

காற்றுமானி

மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதைச் சுத்தம் செய்ய வழியில்லை. தலையணையும் அப்படியே. திரைச்சீலையை இரண்டு மூன்று முறை துவைத்துப் பாருங்கள், உலர்ந்த பிறகும் வாடை இருந்தால் அதையும் மாற்றுங்கள். அறையைப் பெருக்காதீர்கள், தூசு கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள். அந்த இரண்டு நாளும் குழந்தை வேறு வீட்டில் இருப்பது நல்லது.

இரவுப்பணி

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த வாரம் என்றால் அடுத்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். நிகோடின் பட்டையோ மாத்திரையோ சேர்த்தால் வெறும் மன உறுதியைவிட நன்றாகவே பலன் கிடைக்கும்.

சுவர்வண்ணம்

வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், இரண்டு வாளி. ஒன்றில் சோப்பு, இன்னொன்றில் நல்ல தண்ணீர். சுவரைக் கீழிருந்து மேலே கழுவிக்கொண்டு போங்கள். மேலிருந்து கீழே வந்தால் காய்ந்த சுவரில் வழிந்து கோடு விழும், பிறகு போகாது. தண்ணீர் டீ நிறத்தில் வரும், பயப்பட வேண்டாம், தெளிவாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். கூரையையும் ஃபேன் இறக்கையையும் மறந்துவிடாதீர்கள், அதிகம் படிவது அங்கேதான். யார் கழுவினாலும் கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

இளந்தென்றல்

மாமாதான் கழுவுவேன் என்கிறார். கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.